இரண்டு கத்திகள்: எதை எடுப்பது?

வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கான்சாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே என் நண்பர் ஒருவருக்குச் சிறிய தோப்பு உண்டு. பாதி தென்னை, பாதி மா. கோடை விடுமுறையில் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். காவல் குடிசைத் திண்ணையில் இரண்டு கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நண்பரும் பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டும் மடக்க முடியாத, நேரான கத்திகள். அலகின் நீளம் இரண்டிலும் 20 சென்டிமீட்டர், அகலம் 4 சென்டிமீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஒன்று ராஜபாளையத்துக் கடையில் வாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, பளபளவென்று இருந்தது. மற்றது பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் லாரிப் பட்டையை அடித்துச் செய்தது. (லாரியின் அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த வில் பட்டைதான்.) இது கருகருவென்று, சம்மட்டி அடித்த தழும்புகளோடு இருந்தது. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு இடத்திலும் சொல்லி வாங்கி வந்திருந்தார் நண்பர்.

“மாமா, நீங்களே சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்வது?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஒரு கத்திக்கு இத்தனை யோசனையா என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு அந்தத் தோப்பில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் காய்ந்த தென்னை மட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். மட்டைக்கு அடியில் ஒரு கல் இருந்தது தெரியவில்லை. கத்தி கல்லில் பட்டதும் அதன் வாயிலிருந்து ஒரு சில்லு தெறித்து, அவருடைய இடது கண்ணுக்கு அரை விரற்கடை கீழே குத்தி நின்றது. கண் தப்பியது தற்செயல்தான். தழும்பு இன்றும் இருக்கிறது. அந்தக் கத்தியும் புதியது, கூரானது, பார்க்க நன்றாக இருந்தது. ஆகவே, பார்க்க நன்றாக இருப்பதை நம்பி இன்னொரு கத்தி வாங்க நண்பருக்கு மனம் வரவில்லை.

மாணவர்களே, கத்தியின் வெட்டும் ஓரத்தை “வாய்” என்றும், எதிர்ப்பக்கத்தை “முதுகு” என்றும் சொல்வார்கள். வாய் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மடிந்துபோகும், இன்னொன்று, பல் பல்லாக உடைந்துபோகும். மடிவது எதனால்? உலோகம் போதிய கடினம் இல்லாததால். உடைவது எதனால்? கடினம் மிஞ்சிப்போனதால். இந்த இரண்டாவது விடை பலருக்கு வியப்பாக இருக்கும். “கடினமாக இருந்தால் உறுதியாகத்தானே இருக்க வேண்டும்?” என்று கேட்பார்கள். கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். ஆணியால் அதில் கீறல் போட முடியாது; அவ்வளவு கடினம். ஆனால் கைதவறி விழுந்தால் தூள். செம்புக் கம்பியில் அதே ஆணியால் கீறல் போட்டுவிடலாம். ஆனால் எத்தனை முறை கீழே போட்டாலும் உடையாது. கீறலை எதிர்ப்பது கடினத் தன்மை. அடியைத் தாங்குவது முறியாத் தன்மை. இவை இரண்டும் வேறு வேறு. அதுமட்டுமல்ல, ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். கத்தி செய்பவர் எவராயினும், அவர் கிராமத்துக் கொல்லரானாலும் பெரிய தொழிற்சாலையானாலும், இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். கத்தி வாங்குகிறவர் உண்மையில் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான்.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது உலோகத்தின் பெயரை மட்டும் பொறுத்தது அல்ல. முறுக்கும் இடியாப்பமும் அரிசி மாவுதான். ஒன்று நொறுங்குகிறது, ஒன்று வளைகிறது. சமைத்த விதம் வேறு. எஃகும் அப்படியே.

எஃகு என்பது இரும்பில் சிறிது கார்பன் கலந்தது. கதவுக் கம்பி, ஆணி போன்றவற்றில் கார்பன் நூற்றுக்கு 0.2 பங்கு அளவில் இருக்கும். லாரிப் பட்டையில் 0.5 முதல் 0.6 வரை. பார்த்தால் அற்ப வித்தியாசம். ஆனால் அந்த அற்பம்தான் ஆணியைக் கத்தியாக்க முடியாமல் தடுப்பது. பட்டையைக் கத்தியாக்க இடம் கொடுப்பது.

சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் ஒருவகைக் கனசதுர அடுக்கில் இருக்கின்றன: எட்டு மூலைகளிலும் அணுக்கள், நடுவில் ஓர் அணு. இந்த அடுக்கில் கார்பன் அணு உட்கார இடமே இல்லை எனலாம். எஃகை ஏறக்குறைய 730 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு மாறத் தொடங்குகிறது. நடு அணு இல்லாமல், ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு என்ற வேறு வகைக் கனசதுரம் உண்டாகிறது. இந்தப் புதிய அடுக்கில் கார்பனுக்குத் தாராளமாக இடம் உண்டு. கார்பன் அணுக்கள் உள்ளே புகுந்து கரைந்துவிடுகின்றன.

இப்போது எஃகை மெல்ல ஆறவிட்டால், பழைய அடுக்கு திரும்பும்போது கார்பன் அணுக்கள் ஒதுங்கி வெளியேறிவிடும். எஃகு மிருதுவாகவே இருக்கும். ஆனால் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ முக்கினால்? வெளியேற நேரம் இல்லை. அடுக்கு மாறியே ஆக வேண்டும், கார்பனோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கு ஒரு பக்கம் இழுபட்டு விறைத்துப்போகிறது. உலோகம் வளைவது என்றால் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நாளன்று ரத வீதியில் நின்றிருக்கிறீர்களா? அங்கே ஒருவர் நகர வேண்டுமானால் எல்லாரும் நகர வேண்டும். விறைத்த அடுக்கில் அணு வரிசைகளின் நிலையும் அதுவே. வழுக்க முடியாததால் எஃகு மிகக் கடினமாகிறது. வழுக்க முடியாததாலேயே, பலமாக அடித்தால் வளையாமல் பிளந்துவிடுகிறது.

இந்த முக்கும் வேலைக்குத் தமிழில் “தோய்ச்சல்” என்ற அழகான சொல் இருக்கிறது.

தோய்ச்சலோடு நிறுத்திவிட்டால் அது கத்தி அல்ல, கண்ணாடிச் சில்லு. அடுத்ததாகச் சிறிது சூடாக்கி அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். எத்தனை டிகிரிக்கு? பட்டறையில் வெப்பமானி கிடையாது. ஆனாலும் கொல்லர் 20, 30 டிகிரி வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறார். எப்படி என்று பார்க்க, அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு பட்டறைக்கே போனோம். அன்று அவர் வேறொரு கத்திக்குப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

உலையில் அலகு கோவைப்பழச் சிவப்புக்கு வந்ததும் குறடால் எடுத்தார். முழுக் கத்தியையும் அவர் முக்கவில்லை. வாயை மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, ஒரு செங்கல் துண்டால் வாயோரத்தை விறுவிறுவென்று தேய்த்துப் பளபளப்பாக்கினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். முதுகில் இன்னும் சூடு இருக்கிறது அல்லவா? அது வெப்பக் கடத்தலால் மெல்ல மெல்ல வாயை நோக்கி வருகிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறங்கள் ஊர்ந்து வரத் தொடங்கின. முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுக் கத்தியையும் நீரில் போட்டுவிட்டார். அவ்வளவுதான், அங்கேயே பதம் நின்றுவிட்டது.

இந்த நிறங்கள் சாயம் அல்ல. சூடான எஃகின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியும் அடிப்பரப்பில் எதிரொளிக்கும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிகின்றன, சில எஞ்சுகின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெய்த் துளி வானவில் காட்டுவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. கார்பன் எஃகில் வைக்கோல் மஞ்சள் சுமார் 220, 230 டிகிரியில் தோன்றும்; பழுப்பு 255 அளவில்; ஊதா 280 அளவில்; நீலம் 300 அளவில். சவரக்கத்திக்கு வைக்கோல் மஞ்சள் போதும்: கடினம் மிகுதி, அடி தாங்க வேண்டியதில்லை. மட்டை வெட்டும் கத்திக்கு ஊதா வரை விட வேண்டும். பெரியவர் முகத்தில் சில்லைத் தெறிக்கவிட்ட பழைய கத்தியைக் கொல்லரிடம் காட்டினோம். அவர் அரத்தை எடுத்து அதன் வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கடிக்கவே இல்லை. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. “தோய்ச்சதோட விட்டுட்டாங்க சார், பதம் இறக்கலை” என்றார்.

நம் நாட்டு எஃகுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அதில் ஒரு துளி மட்டும் இங்கே. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் செய்த பழைய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மூசையில் உருக்கிச் செய்த தென்னிந்திய எஃகு கடல் கடந்து போயிற்று. 1819ஆம் ஆண்டு லண்டனில் ஓர் இளைஞர் இந்த எஃகை எடுத்துச் சோதித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து பல உலோகக் கலவைகளையும் செய்து பார்த்தார். அந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலுக்காக நீங்கள் படிக்கும் அதே ஃபாரடே. அவருடைய தந்தை ஒரு கொல்லர்.

சரி, பளபளக்கும் கத்திக்கு வருவோம். அதில் நூற்றுக்கு 13 பங்கு அளவில் குரோமியம் இருக்கும். குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு காவல் படலம் போடுகிறது. கீறினால் மறுபடி தானே மூடிக்கொள்ளும். ஆகவே ஈரம் உள்ளே போக முடியாது. 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரயர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற எஃகு தேடும்போது இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டார். அந்த ஊர் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. ஆனால் முதலில் அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம் “வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்” என்பது! பழகிய சூட்டில் பழகிய முறையில் செய்தால் அந்த எஃகு சரியாக வரவில்லை. அதற்குத் தோய்ச்சல் சூடு இன்னும் மேலே, 1000 டிகிரியை ஒட்டி வேண்டும். சூட்டைக் கணக்காக அளக்கவும் வேண்டும். நம் கொல்லரும் துருப்பிடிக்காத எஃகுத் துண்டைக் கொண்டுபோனால் “இது நம்ம உலைக்கு ஆகாது” என்று திருப்பித் தருவது அதனால்தான். அது இயலாமை அல்ல, அனுபவம்.

இந்த இடத்தில் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எவர்சில்வர் தம்ளரில் வைத்தாள், ஒட்டவில்லை. பளபளக்கும் கத்தியின் முதுகில் வைத்தாள், டக்கென்று ஒட்டிக்கொண்டது. “அப்பா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். இது எவர்சில்வரே இல்லை!” என்றாள்.

ஏமாற்றவில்லை. சொல்லப்போனால், ஒட்டியதுதான் நல்ல அறிகுறி. தம்ளர் செய்யும் எஃகில் பெரும்பாலும் குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் இருக்கும். நிக்கல் என்ன செய்கிறது தெரியுமா? சூட்டில் மட்டும் வரும் என்று சொன்னோமே, அந்த இரண்டாவது வகை அடுக்கை, குளிர்ந்த பிறகும் மாறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அடுக்குக்குக் காந்தம் ஒட்டாது. அடுக்கு மாறுவதே இல்லை என்றால் தோய்ச்சலால் விறைக்க வைக்கவும் முடியாது. ஆகவே தம்ளர் எஃகில் கத்தி செய்தால் வெண்ணெய் வெட்டலாம், வேறொன்றும் வெட்ட முடியாது. கடைக் கத்தியில் காந்தம் கொஞ்சமும் ஒட்டவில்லை என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் ஒட்டிவிட்டால் நல்ல கத்தி என்று முடிவு கட்டவும் கூடாது. காந்தம் ஒட்டும் மட்டமான எஃகும் உண்டு. இந்தச் சோதனை ஒன்றை ஒதுக்க உதவும், ஒன்றை ஏற்க உதவாது.

இதுவரை எஃகைப் பார்த்தோம். வடிவத்துக்கு வருவோம். இரண்டும் அண்ணன் தம்பி போல என்று சொன்னேன். ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கடைக் கத்தியின் முதுகு 3 மில்லிமீட்டர், பட்டறைக் கத்தியின் முதுகு 4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே? உங்கள் 30 சென்டிமீட்டர் அளவுகோலை மேசை ஓரத்தில் நீட்டிப் பிடித்து, நுனியை அழுத்துங்கள். தட்டையாகப் பிடித்தால் எளிதில் வளைகிறது. விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் அசையவே மறுக்கிறது. பொருள் அதேதான்; வளைக்கும் திசையில் அதன் கனம் மட்டும் வேறு. வளைவதை எதிர்க்கும் ஆற்றல் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 4-இன் மும்மடி 64. 3-இன் மும்மடி 27. ஆக, அந்த ஒரு மில்லிமீட்டருக்காகப் பட்டறைக் கத்தி பக்கவாட்டில் ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பாக இருக்கிறது. தேங்காய் ஓட்டுக்குள் செருகித் திருப்பும்போது இது கைக்குத் தெரியும். எடை எவ்வளவு கூடியது? மூன்றில் ஒரு பங்குதான். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.8 கிராம் என்று வைத்து, அலகு வாயை நோக்கி மெலிவதை விட்டுவிட்டால், ஒன்று 187 கிராம், மற்றது 250 கிராம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வாயின் கோணத்தில் இது தலைகீழாகிறது. கடைக் கத்தியின் வாயில் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 30 டிகிரி. பட்டறைக் கத்தியில் சுமார் 45. ஆப்பு ஒன்றைக் கீழே அழுத்தினால் அது பொருளை இரு பக்கமும் தள்ளுகிறது. உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 30 டிகிரி ஆப்பு நீங்கள் கொடுக்கும் விசையைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு விசையை ஒவ்வொரு பக்கத்திலும் செலுத்துகிறது. 45 டிகிரி ஆப்பு 1.3 மடங்குதான். வெங்காயம், மாங்காய், கயிறு எல்லாவற்றிலும் கடைக் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்குவதன் இரகசியம் இதுவே. ஆனால் மெல்லிய ஆப்பின் நுனியில் தாங்குவதற்கு உலோகம் குறைவு. கல்லில் பட்டால் முதலில் பாதிக்கப்படுவதும் அதுதான்.

கூர் என்பது கோணம் மட்டும் அல்ல. வாயின் உச்சி எவ்வளவு மெல்லியது என்பதும் சேர்ந்தது. 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால், அதாவது சுமார் 10 நியூட்டனால், கத்தியை ஒரு மாம்பழத்தின்மேல் அழுத்துகிறீர்கள். 5 சென்டிமீட்டர் நீளம் பழத்தில் படுகிறது. வாயின் கனம் ஒரு மைக்ரான் என்றால் அழுத்தம் ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தம்! மழுங்கி 20 மைக்ரான் ஆகிவிட்டால் 100தான். அதை ஈடுகட்ட நாம் அதிக பலம் கொடுக்கிறோம், கத்தி வழுக்குகிறது, விரல் போகிறது. மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. (கத்தியைக் கையில் எடுத்துச் சோதிப்பதெல்லாம் பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும். விரலால் கூர் பார்க்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். காகிதத்தை வெட்டிப் பார்த்தால் போதும்.)

சாணை பிடிப்பதிலும் ஒரு வம்பு உண்டு. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் வாயை அழுத்திப் பிடித்தால் பொறி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரியைத் தாண்டிவிடும். வாயில் நீல நிறம் கண்டால், பட்டறையில் பார்த்துப் பார்த்து நிறுத்திய பதம் போயிற்று என்று பொருள். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள். அல்லது கல்லில் கையால் தீட்டுங்கள். கார்பன் எஃகு கல்லுக்குச் சுலபமாக இணங்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியமும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான துகள்கள் இருப்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இனிப் பிடி. கத்தியின் பின்பகுதி மெலிந்து பிடிக்குள் போகும் இடத்தைக் காம்பு என்பார்கள். அலகும் காம்பும் சேரும் இடத்தில் கூர்மையான உள்மூலை இருந்தால் தகைவு முழுவதும் அங்கே குவியும். கத்தி முறிவது பெரும்பாலும் அங்கேதான். கடைக் கத்தியில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் மூடியிருந்தது, பார்க்க வழியில்லை. பட்டறைக் கத்தியில் பூணுக்கு வெளியே வளைவாக இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாததை நான் குறை சொல்லவில்லை. தெரிவதை நம்புவது எளிது என்கிறேன்.

பிடியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விளையாட்டுச் சோதனை. கிரிக்கெட் மட்டையில் பந்து ஓர் இடத்தில் பட்டால் கை அதிராது, வேறிடத்தில் பட்டால் விண்ணென்று தெறிக்கும். கத்திக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அதைக் கத்தியில் தேட வேண்டாம். உங்கள் அளவுகோலில் தேடுங்கள். ஒரு முனையில் உள்ள துளையை ஆணியில் மாட்டி ஊசலாட விடுங்கள். பத்து அலைவுக்கு ஏறக்குறைய 9 விநாடி ஆகும். அதே 9 விநாடியில் பத்து முறை ஆடும் தனி ஊசலின் நூல் நீளம் 20 சென்டிமீட்டர். அளவுகோலில் ஆணியிலிருந்து 20 சென்டிமீட்டரில், அதாவது மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில்தான் அந்த அதிராத இடம். மட்டை வெட்டிப் பழகியவர்கள் எந்தச் சூத்திரமும் இல்லாமல் அங்கேயே வெட்டு விழும்படி வீசுகிறார்கள்.

இவ்வளவும் பேசி முடித்தபோது என் மனம் கடைக் கத்தியின் பக்கம்தான் சாய்ந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலையடிவாரம், மழைக்காலத்தில் ஈரம். துருப்பிடிக்காதது நல்லது என்று எண்ணினேன். நண்பரின் மகள்தான் திருத்தினாள். “மாமா, துருப்பிடித்தால் எண்ணெய் தடவலாம். சில்லுத் தெறித்தால் என்ன தடவுவது?” என்றாள். அதற்குப் பதில் இல்லை. கடைக் கத்தி மட்டமானது அல்ல. அது வேறு வேலைக்காகச் செய்தது. மெல்லிய முதுகு, சிறிய கோணம், கடின வாய்: இவை எல்லாம் பலகைமேல் வைத்து நறுக்குவதற்கு உகந்த குணங்கள். கல் கிடக்கும் தரையில் மட்டை வெட்டுவதற்கு உகந்தவை அல்ல.

ஆனால் பட்டறைக் கத்தியிலும் ஒரு சந்தேகம் மீதியிருந்தது. லாரிப் பட்டை ஆண்டுக்கணக்காக மேலும் கீழும் வளைந்து உழைத்தது. அப்படி உழைத்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கலாம். கீறலோடு அடித்துச் செய்தால் கத்தியிலும் கீறல் இருக்கும். முகத்தில் தழும்பு உள்ள பெரியவர் இதற்குள் வந்து சேர்ந்தார். பிடியை இரண்டு விரலால் தொங்கவிட்டு, அலகின் முதுகை ஒரு சிறு கம்பியால் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே முறை. விரிசல் இருந்தால் அதிர்வு அங்கே சிதைந்து, ஓசை “தொப்” என்று அடங்கிவிடும். இது “கணீர்” என்று நீண்டது. கண்ணுக்கு எட்டாத மிகச் சிறிய கீறலை இந்த முறை காட்டாது என்றாலும், பெரிய விரிசல் இல்லை என்று நிச்சயமாயிற்று.

அதோடு அவர் விடவில்லை. மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய், வாயில் பழுப்பு நிறத்தோடு நின்றிருந்த பதத்தை ஊதா வரை இறக்கித் தரச் சொன்னார். கூர் சற்றுச் சீக்கிரம் மழுங்கும் என்று கொல்லர் எச்சரித்தார். “மழுங்கட்டும், தீட்டிக்கிறேன்” என்றார் பெரியவர்.

கடைக் கத்தி திரும்பிப் போகவில்லை. அன்று மாலை நண்பரின் மனைவி ஒரு சப்பட்டை மாங்காயை எடுத்து, பாதியைப் பட்டறைக் கத்தியாலும் பாதியைக் கடைக் கத்தியாலும் நறுக்கி வைத்தார். காயின் புளிப்பு இரும்பைக் கரைக்க, அந்த இரும்பு காயிலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர, பட்டறைக் கத்தி நறுக்கிய துண்டுகளின் ஓரம் சற்று நேரத்தில் கறுத்துவிட்டது. இரும்பையும் துவர்ப்பையும் சேர்த்து முற்காலத்தில் எழுதும் மையே செய்தார்கள். அந்த மைதான் இது. உண்டால் கெடுதல் இல்லை, ருசி மட்டும் மாறும். அவர் ஒன்றும் பேசாமல் கடைக் கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து நான் மறுபடி கான்சாபுரம் போனேன். குடிசைத் தூணில் பட்டறைக் கத்தி உறையோடு தொங்கியது. உருவிப் பார்த்தேன். அலகு முழுவதும் தேங்காய் எண்ணெய்ப் பூச்சு. வாயின் நடுவில், நெல் மணி அகலத்துக்கு, ஓரிடம் ஒரு பக்கமாக மடிந்திருந்தது. கல்லில் பட்டதா என்று பெரியவரிடம் கேட்டேன். “நேத்துத்தான் சார்” என்று சொல்லிக்கொண்டே சாணைக்கல்லில் நீர் தெளித்து, நாலு இழுப்பு இழுத்தார். மடிப்பு போய்விட்டது.